கொசுப்புழுவும் வேப்பெண்ணெயும்

மாலை மயங்கியதும் நம் வீடுகளில் ஒரு போர் தொடங்கிவிடுகிறது. சாளரங்களை அடைக்கிறோம், கொசுவத்திச் சுருள் கொளுத்துகிறோம், வேப்பிலைப் புகை போடுகிறோம், வலை கட்டி அதற்குள் புகுந்து படுக்கிறோம். அப்படியும் காதருகே அந்த ரீங்காரம் கேட்டால், இருளில் இரு கைகளையும் தட்டிக் காற்றை அடிக்கிறோம். இந்தப் போரில் பெரும்பாலும் கொசுவே வெல்கிறது. காரணம் யாது? சிறகு முளைத்துப் பறந்து திரியும் பகையை நாம் தேடி அலைகிறோம். அந்தப் பகை சிறகின்றி, ஓடி ஒளிய இடமின்றி, ஒரு சிறு நீர்த்தேக்கத்தில் அடைபட்டுக் கிடந்த ஒரு வார காலத்தை நாம் கவனியாமல் கைவிட்டுவிட்டோம்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றியும், அந்த நாள்களில் நம் நாட்டு எண்ணெய்கள், சிறப்பாக வேப்பெண்ணெய், நமக்கு எவ்வாறு துணைபுரியும் என்பது பற்றியும் இன்று சிறிது கூற விழைகிறேன். வேப்பெண்ணெய் நல்லது என்று சொல்லுவதற்கு ஒரு வானொலிப் பேச்சு வேண்டியதில்லை. நம் பாட்டிமார் அதை நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். அது எங்கே பயன்படும், எங்கே பயன்படாது, ஏன் என்று அறிந்துகொள்வதே நமக்கு வேண்டுவது.

முதலில் கொசுவின் பிறப்பை நோக்குவோம். நம்மைக் கடிப்பது பெண் கொசுவே. தன் வயிற்றிலுள்ள முட்டைகள் வளர்வதற்கு அதற்குக் குருதி வேண்டியிருக்கிறது. குருதி குடித்த சில நாள்களில் அது நீரை நாடிச் சென்று முட்டையிடுகிறது. எந்த நீர் என்பதில் கொசுவினங்கள் தம்முள் வேறுபடுகின்றன. யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு சாக்கடை, கழிநீர்த் தொட்டி முதலிய அழுக்கு நீரை விரும்புகிறது. நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, ஒரு சிறு தெப்பம்போல் மிதக்கவிடுகிறது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு பெரும்பாலும் தெளிந்த நீரை விரும்பித் தன் முட்டைகளைத் தனித்தனியே இடுகிறது. சென்னை போன்ற நகரங்களில் கிணறுகளும் மாடிமேல் உள்ள நீர்த்தொட்டிகளும் அதற்குத் தாய்வீடு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் கொசுவோ நம் வீட்டிலேயே குடியிருப்பது. குடம், அண்டா, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், முற்றத்தில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி ஆகியவற்றில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஓரத்தில் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. அம்முட்டைகள் நீரின்றிப் பல மாதம் உலர்ந்து கிடந்தாலும் சாவதில்லை. மறுபடி நீர் வந்து தொட்டதும் பொரிகின்றன.

முட்டையிலிருந்து வெளிவருவது புழு. நீரில் நெளிந்து நெளிந்து ஆடுவதால் நம் மக்கள் அதைக் கூத்தாடிப் புழு என்று அழைப்பர். அது தின்று வளர்ந்து நான்கு முறை சட்டையுரிக்கிறது. நான்காம் முறை உரித்ததும், தலை பெருத்து வால் வளைந்த கூட்டுப்புழுவாகிறது. கூட்டுப்புழு உணவு எதுவும் உண்பதில்லை. இரண்டொரு நாளில் அதன் முதுகு வெடித்துச் சிறகுடன் கொசு எழுந்து பறந்துவிடுகிறது. நம் நாட்டு வெப்பத்தில் முட்டை முதல் கொசு வரையில் இவையனைத்தும் ஏழு நாள் முதல் பத்து நாளுக்குள் முடிந்துவிடுகின்றன. ஏழு நாள் என்ற இந்தக் கணக்கை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் சொல்லப்போவது அனைத்தும் இதைப் பற்றியே நிற்கிறது.

இனி, இப்புழுவின் உயிர்நிலை எது என்று காண்போம். நீரில் வாழ்ந்தாலும் அது மீனைப்போல் நீரிலுள்ள காற்றைக்கொண்டே வாழ வல்லதன்று. நம்மைப்போல் வெளிக்காற்றை வாங்கியே தீரவேண்டும். க்யூலெக்ஸ், ஈடிஸ் புழுக்களுக்கு வாலருகே ஒரு மூச்சுக்குழல் உண்டு. அதன் நுனியை நீர்ப்பரப்பில் நீட்டியபடி அவை தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸ் புழுவுக்கு அத்தகைய நீண்ட குழல் இல்லை. அது நீர்ப்பரப்போடு படுத்தவாறே முதுகின் கடைசியில் உள்ள துளைகளால் மூச்சு வாங்கும். கூட்டுப்புழுவுக்குத் தோளருகே இரண்டு சிறு கொம்புகள் போன்ற குழல்கள் உள்ளன.

நீரைவிடக் கனமான புழு நீரின் மேற்பரப்பில் எவ்வாறு தொங்குகிறது? நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்போல் நடந்துகொள்கிறது. மெல்ல வைத்த ஊசி நீர்மேல் மிதப்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்த இழுவிசையே அதற்குக் காரணம். புழுவின் மூச்சுக்குழல் நுனியைச் சுற்றி நீர் ஒட்டாத மடல்களும் மயிர்களும் உள்ளன. அவற்றால் அது நீரின் ‘தோலை’ப் பற்றிக்கொண்டு தொங்குகிறது, குழலுக்குள் நீரும் புகுவதில்லை. கொசுப்புழுவின் வாழ்வு முழுவதும் இந்த ஒரு சிறு பிடியில் அடங்கியிருக்கிறது. இந்தப் பிடியைத் தளர்த்திவிட்டால் புழு தொங்க இயலாது, மூச்சுவிட இயலாது, அமிழ்ந்து மாளும்.

இந்தப் பிடியைத் தளர்த்துவது எண்ணெய். நீரின்மேல் எண்ணெய் படர்ந்தால் மேற்பரப்பின் இழுவிசை குறைகிறது. நீரை உள்ளே விடாத அதே மயிர்கள் எண்ணெயை விரும்பி ஏற்கின்றன. ஆகவே குழலின் வாய் நனைந்து, எண்ணெயும் நீரும் உட்சென்று மூச்சை அடைக்கின்றன.

எண்ணெய் நீரில் பரவும் விந்தையை முதன்முதலில் அளந்து எழுதியவர்களுள் அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவர். இலண்டன் நகரில் உள்ள கிளாப்பம் என்னுமிடத்துக் குளத்தில் அவர் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்ற, அது ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பில் பரவி அலைகளை அடக்கியதாம். இதனை அவர் 1774-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆனால், எண்ணெயைக் கொசுப்புழுவின்மேல் முறையாக ஏவி ஆராய்ந்தது பின்னர் நிகழ்ந்தது. அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் ஹோவர்டு 1892-ஆம் ஆண்டில் ஒரு சிறு குட்டையில் மண்ணெண்ணெய் தெளித்து, அதிலிருந்த புழுக்கள் மடிந்ததைக் கண்டார். அப்போது கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் நாள், நம் நாட்டுச் செகந்திராபாத்தில், ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட பின்னரே ஹோவர்டின் எண்ணெய்க்கு மதிப்பு வந்தது. பனாமாக் கால்வாய் வெட்டிய நாள்களில், 1904-ஆம் ஆண்டு முதல், கோர்காஸ் என்னும் மருத்துவரின் தலைமையில் ஆட்கள் குட்டைகளிலும் ஓடைகளிலும் எண்ணெய் தெளித்து வந்தனர். நீர் வடித்தல், புதர் நீக்கல், எண்ணெய் தெளித்தல் ஆகியவையும் அங்கு மஞ்சள் காய்ச்சலையும் மலேரியாவையும் அடக்க உதவின. 1914-இல் கால்வாய் திறக்கப்பட்டது.

பிறகு எண்ணெய் ஏன் பின்தள்ளப்பட்டது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு பால் மியூல்லர் 1939-ஆம் ஆண்டில் டி.டி.டி. மருந்தின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். அதற்காக 1948-இல் நோபெல் பரிசும் பெற்றார். வீட்டுச் சுவர்களில் அதைத் தெளித்துவிட்டால், கடித்துவிட்டுச் சுவரில் அமரும் கொசு மாண்டுபோகும். நம் நாட்டில் 1953-இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-இல் மலேரியா ஒழிப்புத் திட்டமும் இதனை முதற் கருவியாகக் கொண்டே தொடங்கப்பட்டன. 1953-இல் ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் நோயுற்றதாக மதிப்பிடப்பட்ட நம் நாட்டில், 1965-ஆம் ஆண்டளவில் நோயாளர் தொகை ஏறத்தாழ ஓர் இலட்சமாகச் சுருங்கியது. இத்தகைய வெற்றி மருத்துவ வரலாற்றில் அரிது.

ஆனால், அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1976-ஆம் ஆண்டில் மீண்டும் அறுபத்து நான்கு இலட்சம் பேருக்கு மேல் மலேரியா கண்டது. கண்காணிப்பில் ஏற்பட்ட தளர்ச்சி ஒரு காரணம். மருந்துக்கும் பணத்துக்கும் உண்டான தட்டுப்பாடு இன்னொரு காரணம். பல இடங்களில் கொசுக்கள் அம்மருந்தைத் தாங்கும் திறன் பெற்றுவிட்டது மற்றொரு காரணம். ஒரே நஞ்சை ஓயாமல் பயன்படுத்தும்போது, அதைத் தாங்கவல்ல சில கொசுக்கள் மட்டும் எஞ்சுகின்றன. அவற்றின் வழிவந்தவை நாட்டை நிறைக்கின்றன. நகரங்களில் புழுவை நீரிலேயே அழிக்க வேண்டும் என்னும் கருத்தோடு 1971-இல் நகர்ப்புற மலேரியாத் திட்டம் தொடங்கப்பட்டதும், 1975-இல் புதுச்சேரியில் நோய்பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டதும் இந்த அனுபவத்தின் பின்னணியிலேதான். கவனம் மீண்டும் நீரின்பால் திரும்பியது.

இந்த இடத்தில்தான் தாவர எண்ணெய்கள் நம் முன் வருகின்றன. மண்ணெண்ணெயும் எண்ணெய்தானே, அதுவே போதாதா என்று சிலர் வினவலாம். மண்ணெண்ணெய் புழுவைக் கொல்லும், ஐயமில்லை. ஆனால் அது நெருப்புக்கு அஞ்ச வேண்டியது, நாற்றமுடையது, நீரையும் நிலத்தையும் கெடுப்பது. அன்றியும், தனி மண்ணெண்ணெய் நீர்மேல் ஒழுங்காகப் பரவாமல் திட்டுத்திட்டாக நின்றுவிடும். தாவர எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களுக்கோ ஒரு தனித்தன்மை உண்டு. அவற்றின் மூலக்கூற்றில் ஒரு முனை நீரை விரும்பும். மற்ற முனை நீரை வெறுத்து விலகும். ஆகவே அவை நீர்ப்பரப்பில் வரிசையாக நின்று விரைந்து பரவுகின்றன. முன்னாள்களில் மண்ணெண்ணெயோடு சிறிது ஆமணக்கெண்ணெய் சேர்த்துத் தெளிக்கும் வழக்கம் இருந்ததற்கும் இதுவே காரணம். பரப்புவது தாவர எண்ணெயின் வேலையாக இருந்தது.

எல்லாத் தாவர எண்ணெய்களும் திரையாக நின்று மூச்சை அடைக்கும். வேப்பெண்ணெய்க்கோ இரண்டாவது படைக்கலம் ஒன்றும் உண்டு. அது அதன் கசப்பிலுள்ள பொருள்களில் இருக்கிறது.

சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் வேதியியல் அறிஞர் 1942-இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலான கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். 1959-ஆம் ஆண்டில் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிப் படை வந்து இறங்கி மரஞ்செடிகளை மொட்டையாக்கியபோது, வேப்பமரம் மட்டும் பசுமையாக நின்றதை ஜெர்மானிய அறிஞர் ஷ்முட்டரர் கண்டு வியந்தார். 1962-இல் தில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரதான் என்பார், வேப்பம் பருப்பை அரைத்து நீரில் கரைத்துத் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தொடாமையைக் கண்டார். 1968-இல் பட்டர்வொர்த், மார்கன் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள், இக்குணத்துக்கு முதற் காரணமான பொருளைப் பிரித்து அசாடிராக்டின் என்று பெயரிட்டனர். அதன் அமைப்பு மிகச் சிக்கலானது. அது 1985-ஆம் ஆண்டளவில்தான் முற்றிலும் தெளிவாயிற்று. ஆய்வுக்கூடத்தில் அதைச் செயற்கையாக ஆக்கிக்காட்டுவதற்கு 2007 வரை ஆயிற்று. நம் தெருவோர வேப்பமரம் ஒவ்வோர் ஆண்டும் அதனை அமைதியாகத் தன் விதையில் சேர்த்து வைத்துவிடுகிறது.

அசாடிராக்டின் கொசுப்புழுவை என்ன செய்கிறது? புழு சட்டையுரிப்பதற்கு அதன் உடலில் ஒரு சுரப்புநீர் உரிய காலத்தில் உரிய அளவில் ஊறவேண்டும். அசாடிராக்டின் அந்த ஒழுங்கைக் குலைத்துவிடுகிறது. சட்டை உரியாமல் புழு தன் தோலுக்குள்ளேயே சிறைப்படுகிறது. அன்றேல், பாதி புழுவும் பாதி கூட்டுப்புழுவுமாக நின்று மாள்கிறது. இரை எடுக்கும் விருப்பமும் அதற்குக் குறைந்துவிடுகிறது.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்றுண்டு. திரையால் மூச்சடைத்து இறக்கும் புழு ஓரிரு நாளில் இறக்கும். கசப்பால் இறக்கும் புழுவுக்குச் சில நாள்கள் பிடிக்கும். வேப்பெண்ணெய் தெளித்த மறுநாள் சென்று பார்த்து, புழுக்கள் இன்னும் நெளிகின்றனவே என்று அதைப் பழிப்போர் பலர். அவர்கள் பார்க்கவேண்டியது புழு உண்டா என்பதை அன்று. ஐந்தாறு நாள் சென்றபின் கூட்டுப்புழு உண்டா என்பதை. கூட்டுப்புழு இல்லையேல் கொசுவும் இல்லை.

இவை ஏட்டளவில் நின்ற செய்திகள் அல்ல. நம் நாட்டு மலேரியா ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் ஹரித்துவாரில் வேப்பெண்ணெயை நீரில் கலக்கும் வடிவில் பக்குவப்படுத்திச் சோதித்து, அம்முடிவை 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அனாபிலிஸ், க்யூலெக்ஸ், ஈடிஸ் ஆகிய மூவகைப் புழுக்களிலும் பாதியைக் கொல்ல, பத்து இலட்சம் பங்கு நீருக்கு அம்மருந்து இரண்டு பங்குகூட வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்பே, மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள், மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கொசுக்கள் பிறக்கும் நெல்வயல்களில் வேப்பம் பிண்ணாக்கை இட்டு ஆராய்ந்து, 1992-இல் அம்முடிவுகளை வெளியிட்டனர். பிண்ணாக்கை இடுவதோடு வயல்நீரை இடையிடையே வடித்துக் காயவிடும் முறையையும் சேர்த்துக் கைக்கொண்டபோது கொசுவின் பெருக்கம் நன்கு அடங்கியது. தனித்த மருந்தைவிட, மருந்தும் நீர் மேலாண்மையும் கைகோத்தபோதே பயன் மிகுந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

வேம்பேயன்றிப் பிற எண்ணெய்களும் உள. புங்கெண்ணெய்க்குப் பூச்சிகளை அடக்கும் ஆற்றல் உண்டு. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் காரமான எண்ணெய் கொசுப்புழுவைக் கொல்லவல்லது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அது தோலைப் புண்ணாக்குமாதலால் வீட்டில் கையாளத் தக்கதன்று. துளசி, எலுமிச்சம்புல், ஆரஞ்சுத்தோல் முதலியவற்றின் நறுமண எண்ணெய்களும் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குவளையில் புழுவைக் கொல்கின்றன. எனினும் அவை விரைவில் ஆவியாகிவிடும், விலையும் மிகுதி. சாக்கடைக்கு அவை ஏற்றவையல்ல.

இனி, மறுபக்கத்தையும் மறையாது கூறவேண்டும். ‘இயற்கைப் பொருள்தானே, தீங்கு என்ன செய்யும்?’ என்று எண்ணுவது பெரும் பிழை. எட்டிக்காயும் இயற்கை தந்ததே. வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுத்ததால் வலிப்பும் மயக்கமும் கண்டு, உயிருக்கே தீங்கு நேர்ந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். எனவே அப்புட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும். குடிநீரில் ஒரு துளியும் சேர்க்கலாகாது.

எண்ணெய்த் திரை கொசுப்புழுவை மட்டும் அடையாளம் கண்டு கொல்வதில்லை. நீர்ப்பரப்பில் வந்து மூச்சு வாங்கும் பிற பூச்சிகளையும் அது வருத்தும். அவற்றுட் சில கொசுப்புழுவைத் தின்று நமக்கு நன்மை செய்வன. மீன்கள் நிறைந்த குளத்தில் எண்ணெயை ஊற்றுபவர், கூலி வாங்காது வேலை செய்யும் காவலரை விரட்டியவர் ஆவார்.

எண்ணெய்த் திரைக்குக் காற்றும் பகையே. வீசுங் காற்று அதை ஒரு மூலைக்குத் தள்ளிவிடும். செத்தையும் பாசியும் மிதந்தால் திரை கிழியும். கிழிந்த இடத்தில் புழு மூச்சு வாங்கிவிடும். வேம்பின் கசப்புப் பொருளோ கடும் வெயிலில் சில நாளிலேயே சிதைந்துவிடும். இன்னுமொரு விலக்கும் உண்டு. மான்சோனியா என்னும் ஒருவகைக் கொசுவின் புழு நீர்ப்பரப்புக்கே வருவதில்லை. ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்து, அதிலுள்ள காற்றை உறிஞ்சி வாழ்கிறது. அதற்கு எண்ணெய்த் திரையால் கேடில்லை. செடியை வாரி எறிவதே அதற்கு மருந்து.

இவ்வளவும் கேட்டபின், எங்கே எண்ணெய் தெளிப்பது என்னும் கேள்வி எழும். வீட்டைச் சுற்றி நீர் தேங்கிய இடம் ஒன்றைக் கண்டதும், நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதற் கேள்வி: இந்த நீரைக் கொட்டிவிட முடியுமா? பூந்தொட்டித் தட்டு, டயர், உடைந்த வாளி, தேங்காய்ச் சிரட்டை, குளிர்பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றுக்கு எண்ணெய் வேண்டா. கவிழ்த்துவிட்டால் போதும். ஈடிஸ் கொசுவின் முட்டை ஓரங்களில் ஒட்டியிருக்குமாதலால், பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். டெங்குவைத் தடுப்பதில் எண்ணெய்ப் புட்டியைவிடத் தேய்க்கும் நாரே பெரிய படைக்கலம்.

இரண்டாம் கேள்வி: இந்த நீரை மூடிவைக்க முடியுமா? குடிநீர்த் தொட்டி, அண்டா, மாடித் தொட்டி ஆகியவற்றை இடைவெளியின்றி மூடவேண்டும். மூடி விலகியிருந்தால், ஒரு துணியையேனும் இறுக்கிக் கட்டவேண்டும். கழிநீர்த் தொட்டியின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டினால், ஆயிரக்கணக்கான க்யூலெக்ஸ் கொசுக்கள் வெளிவருவது நின்றுபோகும்.

மூன்றாம் கேள்வி: இந்த நீரில் மீன் வாழ முடியுமா? பயன்பாட்டிலுள்ள கிணறு, கோயில் திருக்குளம், தோட்டத்துத் தொட்டி ஆகியவற்றில் புழுத் தின்னும் சிறு மீன்களை விடுவதே அறிவுடைமை. அதற்கு உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளரை அணுகலாம்.

இம்மூன்றுக்கும் ‘இல்லை’ என்று விடை வருமானால், அங்கேதான் எண்ணெய்க்கு வேலை. ஓட்டமற்ற சாக்கடை, பாழடைந்த கிணறு, கட்டடம் எழுப்பத் தோண்டிய குழி, மழைக்குப்பின் காலிமனையில் நாள்கணக்கில் நிற்கும் அழுக்கு நீர் ஆகியவை அத்தகையன. முதலில் மேலே மிதக்கும் குப்பையை வாரிவிட வேண்டும். வேப்பெண்ணெய் நீரோடு தானாகக் கலவாது. ஆகவே சிறிது சோப்புக் கரைசலில் அதைக் கலக்கி, வெண்மையாக வந்ததும் நீர் சேர்க்கவேண்டும். ஒரு லிட்டர் கலவைக்கு 50 மில்லி லிட்டர் எண்ணெய் என்னும் அளவு கைக்கு அடங்கியது. கலக்கியவுடனே பூவாளியாலோ தெளிப்பானாலோ, காற்று வரும் பக்கமாக நின்று நீர்ப்பரப்பு முழுதும் படுமாறு தெளிக்கவேண்டும். ஓரங்களையும் மூலைகளையும் விட்டுவிடலாகாது. புழுக்கள் கூடுமிடம் அவையே. தெளிக்க வசதியில்லாத இடத்தில், மரத்தூளைத் துணியில் மூட்டையாகக் கட்டி எண்ணெயில் ஊறவைத்து நீரில் மிதக்கவிடலாம். எண்ணெய் சிறிது சிறிதாகக் கசிந்து பரவும்.

அளவு பற்றியும் ஒரு சொல். பிராங்க்ளின் குளத்தில் பரவிய எண்ணெய், அலையை அடக்கியது; அவ்வளவு மெல்லிய சாதாரண எண்ணெய்ப் படலத்தால் புழுவைக் கொல்லமுடியும் என்று நம்பியிருக்கலாகாது. நம் நாட்டில் கொசுப்புழுவைக் கொல்லத் தெளிக்கப்படும் கனிய எண்ணெய்க்கு, ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 20 மில்லி லிட்டர் என்று அளவு வகுத்திருக்கின்றனர். கணக்கிட்டுப் பார்த்தால், திரையின் கனம் ஒரு மில்லி மீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. வேப்பெண்ணெய்க்குத் தன் கசப்பும் துணையாக நிற்பதால் எண்ணெய் குறைவாகப் போதும். ஆயினும் நீர்ப்பரப்பு முழுதும் ஒரே மினுமினுப்பாகத் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் தவறலாகாது. இங்கேதான் முதலில் நினைவில் இருத்தச் சொன்ன ஏழு நாள் கணக்கு வருகிறது. இன்று தெளித்த எண்ணெயின் வேகம் சில நாளில் குன்றும். குன்றியதும் புதிய முட்டைகள் விழும். விழுந்த முட்டை கொசுவாகப் பறக்குமுன் நாம் திரும்பி வரவேண்டும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அந்நாளில் கொட்டவேண்டியதைக் கொட்டி, மூடவேண்டியதை மூடி, தெளிக்கவேண்டிய இடத்தில் தெளித்தால், எந்தப் புழுவும் கொசுவாகும் அளவுக்கு வாழாது. பத்து நாளுக்கு ஒருமுறை, நினைவு வந்தபோது ஒருமுறை என்று செய்தால், எண்ணெய்க்குச் செலவிட்ட பணமும் உழைப்பும் வீணே.

இன்னுமொன்று. கொசு நம் வேலியை மதிப்பதில்லை. பத்து வீடுகள் உள்ள தெருவில் ஒன்பது வீட்டார் கருத்தோடிருந்து ஒருவர் மட்டும் அயர்ந்துவிட்டால், அவர் வீட்டுத் தொட்டியில் பிறந்தது பத்து வீட்டுக் குழந்தைகளையும் கடிக்கும். டெங்குக் காய்ச்சலின் கிருமியை அழிக்கத் தனி மருந்து இன்னும் வரவில்லை. காய்ச்சல் கண்டபின் மருத்துவமனை வாயிலில் கையைப் பிசைந்து நிற்பதைக் காட்டிலும், அந்தக் கொசு புழுவாக இருந்தபோதே அதன் மூச்சை நிறுத்துவது எளிது, செலவும் சிறிது. சாக்கடையை ஓடவைப்பது நகராட்சியின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. அது ஓடத் தொடங்கும்வரை தேங்கிய நீரில் வாரந்தோறும் எண்ணெய் தெளிப்பது தெருவாரின் கூட்டுப் பொறுப்பு.

ஆகவே நேயர்களே, வேப்பெண்ணெயை நாம் போற்றுவோம். ஆனால் அறிந்து போற்றுவோம். கவிழ்க்க முடியாத, மூட முடியாத, மீன் வாழாத நீரில், வாரந்தவறாமல் அதைத் தெளித்தால் அது நல்ல துணை. மற்ற இடங்களில் நம் கைகளே போதும். நாளைக் காலையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். தேங்கிய நீரை ஆங்காங்கே மொண்டு பாருங்கள். வெள்ளைக் கிண்ணத்தில் கூத்தாடிப் புழு நெளிவது தெளிவாகத் தெரியும். தெரிந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள்; அதற்குச் சிறகு முளைக்க இன்னும் சில நாள்களே உள்ளன.